யாளி டீ வாங்கப் போனது

கேள்வி கேட்டால் கோகிலவாணி மேஸ்திரி பதில் சொல்ல மாட்டார். வேலை சொல்வார். அந்தப் பட்டறையில் சேருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே இதைப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வார்கள். நாச்சிமுத்து மட்டும் மூடவில்லை. அவர் வாய் அப்படி.

பட்டறை சூலூர்ப் பக்கம், பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. காயலான் கடைக்காரனே முகம் சுளிக்கிற பழைய மோட்டார்சைக்கிள்கள் அங்கே வந்து சேரும். மேஸ்திரி அவற்றை அக்கக்காகக் கழற்றி, அறுத்து, வளைத்து, பற்றவைத்து, உலகத்தில் இன்னொன்று இல்லாத வண்டியாக்கி அனுப்புவார். ஒருமுறை நாவற்பழ நிறத்தில் அவர் செய்து நிறுத்தியிருந்த வண்டியைப் பார்க்க ஒரு டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். பயணிகளும் திட்டவில்லை, இறங்கிப் பார்த்தார்கள்.

மேஸ்திரிக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்துநாலு. அதனால் குரு சீடரை அண்ணா என்பார், சீடர் குருவை மேஸ்திரி என்பார். இரண்டு பக்கமும் வாங்க, போங்கதான். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும், அவர்களுக்கு வராது.

நாச்சிமுத்து அதற்கு முன்னால் கல்யாண மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்தார். தெர்மாகோலில் அன்னம், தெர்மாகோலில் தூண், தெர்மாகோலில் நிலா. அன்னம் வெட்டி வெட்டி ஒருநாள் அவருக்கு வெறுத்துப்போய்விட்டது. ராத்திரி எல்லோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட அன்னத்தை, காலையில் கழுத்தைப் பிடித்துக் குப்பை வண்டியில் வீசுவார்கள். பார்த்துப் பார்த்து வயிறெரிந்தது. சாவதற்குள் நிலைக்கிற மாதிரி ஒன்று செய்துவிட வேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

மனைவி சம்பூரணத்துக்கு இது பிடிக்கவில்லை. சண்டை போடுகிற ஆள் இல்லை அந்தம்மா. சோற்றைப் போட்டுவிட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கு மேடை கேட்டு ஆள் வந்திருந்தது என்று மட்டும் சொல்வார். தினமும் சொல்வார். சண்டையாவது ஒருநாளில் முடியும், இது முடியவில்லை. கடைசியில் நாச்சிமுத்து வாக்குக் கொடுத்துவிட்டார். இப்போது செய்கிற வண்டிக்கு மேஸ்திரி தகடு அடித்தால் இந்தத் தொழில். அடிக்காவிட்டால் ஆவணிக்கு மறுபடியும் அன்னம்.

தகடு என்பது உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைத் துண்டு. வண்டியைச் செய்தவர் பெயரை மேஸ்திரி தன் கையாலேயே எழுத்து எழுத்தாகச் சுத்தியால் அடித்து, ஹேண்டில்பாருக்குக் கீழே பதித்துவிடுவார். தகடு இல்லாத வண்டி பட்டறையின் வண்டி இல்லை. அதைச் செய்தவர், எத்தனை வருஷம் அங்கே குப்பை கொட்டியிருந்தாலும், வண்டி செய்கிறவர் இல்லை.

ஆகவே நாச்சிமுத்து ஒரு யாளி செய்தார்.

சாதாரண யாளியா அது. தாத்தா காலத்துப் புல்லட் ஒன்றை எடுத்து, தகரத்தை அடித்து அடித்துத் தலை செய்தார். ஹெட்லைட்டுக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கோரைப்பல், பிதுங்கின கண், டேங்கின் இரண்டு பக்கமும் அலை அலையாகப் பிடரி. வால் பின்னாலிருந்து சுழன்று எழுந்து ஓட்டுகிறவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. கோயில் யாளி வாயில் கல் உருண்டை இருக்குமே, உருளும், ஆனால் வெளியே வராது, அதைப்போலவே ஒரு இரும்பு உருண்டையையும் வாய்க்குள் போட்டுவைத்தார். கருங்கல் நிறத்தில் பெயிண்ட் அடித்து முடித்தபோது பட்டறையே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. பெயிண்டர் சலீம் கும்பிடாத குறை.

மேஸ்திரியும் வந்து பார்த்தார். சுற்றி வந்தார். உருண்டையை விரலால் உருட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராகக் கேட்டால் தகடு பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடும் என்று சுற்றிவளைத்துக் கேட்டார்.

"ஏனுங் மேஸ்திரி, ஒரு வண்டி எப்பங்க முடியுது?"

மேஸ்திரி ஆணியில் தொங்கிய தூக்குப்போசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"டீ வாங்கிட்டு வாங்ணா."

அது பட்டறையின் வழக்கம். எந்த வண்டி தயாரானாலும் முதலில் டீ வாங்கத்தான் போகும். ரோட்டோடு கொஞ்ச தூரம் போய், ஒரு முடக்கு திரும்பினால் மாதையன் டீக்கடை. போசி என்கிற அந்தத் தூக்குப் பாத்திரத்துக்கு மூடி கிடையாது. எப்போதோ தொலைந்தது, மேஸ்திரி வேறு வாங்கவில்லை. இதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு என்றுதான் நாச்சிமுத்து அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

யாளி புறப்பட்டது. ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து முதுகை நிமிர்த்தி, மாப்பிள்ளை ஊர்வலம் போகிற தோரணையில் போனார். முடக்கு வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பினார். கால்வாசி திரும்பி, பிடரியில் முட்டி நின்றுவிட்டது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மேடைக்கே அலங்காரம் பண்ணின கை. எந்த மணமேடை முடக்கு திரும்பியிருக்கிறது?

திரும்பாத வண்டியை என்ன செய்வது, நேராகப் போனார். மாதையன் கடை வாசலில் நின்று கை காட்டினான், இவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுத் தாண்டிப் போனார். ரோடு ஒரு தென்னந்தோப்பு வாசலில் கொண்டுபோய் விட்டது. அங்கே தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, யாளியைப் பின்பக்கம் பிடித்துத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். வண்டி எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். டீக்கடைக்கு என்று சொல்ல நாச்சிமுத்துவுக்கு நாக்கு வரவில்லை.

காலிப் போசியோடு வந்து நின்றார். மேஸ்திரி போசிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அதை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் பிடரியைப் பாதி அறுத்தார். அறுக்கும்போது கண் கலங்கியது உண்மை. கிரைண்டர் தூசி என்று சலீமிடம் சொல்லிக்கொண்டார்.

இந்தத் தடவை முடக்கு திரும்பியது. டீயும் வாங்கினார். வாங்கின பிறகுதான் போசியை எங்கே வைப்பது என்ற யோசனை வந்தது. வலது கையில் பிடித்தால் ஆக்சிலேட்டர் இல்லை, இடது கையில் பிடித்தால் கிளட்ச் இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டினார். அது ஒவ்வொரு குழிக்கும் டேங்கில் மோதி மோதி, பட்டறை வருவதற்குள் டீ முழுக்க முழங்காலில்தான் இருந்தது. சுட்டது வேறு. வேட்டியை உதறிக்கொண்டே போசியை நீட்டினார். அடியில் ஒரு வாய் டீ மிச்சமிருந்தது.

"இது யாருக்குங்ணா?" என்றார் மேஸ்திரி.

நாச்சிமுத்து குனிந்து வேட்டியைப் பிழிந்தார். அதையும் மேஸ்திரி வீணாக்காமல் பட்டறைப் பூனைக்கு ஊற்றினார். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாவது தடவை புத்திசாலித்தனமாகப் மணல் நிரப்பிய ஒரு மரப்பெட்டிக்குள் போசியைப் பாதி புதைத்து, பெட்டியைப் பின்சீட்டில் கட்டினார். பொட்டு டீ சிந்தவில்லை. ஆனால் மாதையன் கடையில் கூட்டம் கூடிவிட்டது. இது சிங்கமா, யானையா என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், நாச்சிமுத்து ஆரம்பித்துவிட்டார். யாளி என்றால் என்ன, பிடரி முன்னால் எப்படி இருந்தது, கண்ணைப் பிதுக்க என்ன பாடுபட்டார், எல்லாம் சொன்னார். உருண்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு லாரி டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் சரிங்க, வரும்போது இன்ஜினில் கடகடவென்று சத்தம் வந்ததே, முதலில் டேப்பெட்டைப் பாருங்கள் என்றார். அது டேப்பெட் இல்லை, உருண்டை என்று அவருக்குப் புரியவைக்கவே நெடுநேரம் ஆயிற்று.

பட்டறைக்கு வந்து சேர்ந்த டீயை மேஸ்திரி ஒரு மடக்குக் குடித்தார்.

"முடிஞ்சுதுங்களா மேஸ்திரி?"

"ஆறிப்போச்சுங்ணா."

அன்றைக்கு வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டுச் சம்பூரணம், பல்லடத்துப் பார்ட்டி இரண்டு அன்னம் கேட்கிறார்கள், ஒன்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி வேண்டுமாம் என்றார். நாச்சிமுத்து தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஸ்திரிக்கு டீதானே வேண்டும், டீயே கொடுத்துவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தார். தலையைக் கழற்றினார். மிச்சப் பிடரியைக் கழற்றினார். வாலையும் கழற்றினார். எல்லாவற்றையும் மூலையில் போட்டார். டேங்கின் மேல் ஒரு கொக்கியை மட்டும் வைத்துப் பற்றவைத்தார். சலீம் வந்து, ஏனுங்ணா இப்படிப் பண்றீங்க, மனசு கேக்குதா என்றான். கேட்கவில்லைதான், என்ன செய்வது என்றார்.

மொட்டை வண்டி போன வேகத்தில் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீ சிந்தவில்லை, ஆறவில்லை. மேஸ்திரி ஊதி ஊதித்தான் குடித்தார்.

நாச்சிமுத்து தகடு வந்துவிட்டது என்றே நினைத்தார். குரலில் கொஞ்சம் ஜம்பம்கூட வந்தது.

"இப்ப முடிஞ்சுதுங்களே?"

மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த சலீமின் பழைய சைக்கிளைப் பார்த்தார்.

"டீ வாங்க அந்தச் சைக்கிளே போதுங்களேண்ணா. எதுக்குங்க வண்டி?"

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம். அலங்காரம் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம், இந்த அம்மாவுக்கு என்னதான் வேண்டும்? ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பேசாமல் அன்னம் வெட்டப் போய்விடலாம், தெர்மாகோல் எதிர்த்துப் பேசாது என்று முணுமுணுத்துக்கொண்டே போசியைக் கழுவினார். போசி கழுவுவது வாங்கி வந்தவர் வேலை, கோபம் வந்தாலும் அதில் மாற்றமில்லை.

கழுவின போசியை மாட்டப் போனால் ஆணியில் யாரோ சட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கையில் தண்ணீர் சொட்டுகிறது. கிடைத்த இடத்தில் மாட்டுவோம் என்று மூலையில் கிடந்த யாளியின் கோரைப்பல்லில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

போசி வாய்க்குள் ஆடியது. பல்லில் இடித்தது. வெளியே வரவில்லை.

நாச்சிமுத்து திரும்பி வந்து தலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாளியை ஒரு உதை விட்டார். போசி ஆடி ஆடித் தானாக நேரே நின்றது. இன்னொரு உதை விட்டார். சலீம் வந்து, அண்ணாவுக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு சில நாள் அவர் அந்தத் தலையோடேயே கிடந்தார். உருண்டையை எடுத்துத் தூரப் போட்டார். கடகட சத்தமும் அதோடு போயிற்று. மேல்தாடையில் ஒரு வளையம் வைத்தார், போசி எந்தப் பக்கமும் ஆடலாம், கவிழ முடியாது. காற்று நேராக டீயில் அடிக்காமல் இருக்கக் கீழ்த்தாடையை உயர்த்தினார். அப்படி உயர்த்தியதில் முன்னால் வெறுமனே உறுமிக்கொண்டிருந்த யாளிக்கு, குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற முகம் வந்துவிட்டது. தலையை மறுபடி வண்டியில் பூட்டி, பிடரியை ஹேண்டில்பார் விட்ட இடத்துக்குள் சுருட்டிச் சுருட்டி அடக்கினார். வாலின் நுனியை வளைத்துக் கொக்கியாக்கினார். அது எதற்கு என்று அவருக்கே தெரியாது, வால் அப்படிக் கேட்டது.

வண்டி தயாரான அன்றைக்குச் சம்பூரணம் பட்டறைக்கே வந்துவிட்டார். கையில் பல்லடத்துப் பார்ட்டி கொடுத்த வெற்றிலை பாக்கு. இன்றைக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டுமாம். மேஸ்திரி ஒரு ஆயில் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு, துணியால் துடைத்து, உட்காருங்க்கா என்றார். இரண்டு பெண்களும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்துவிட்டது.

"அக்காவுக்கும் சேத்து டீ வாங்கிட்டு வாங்ணா," என்றார் மேஸ்திரி.

"எனக்குச் சக்கரை போடாம," என்றார் சம்பூரணம். மருந்து சாப்பிடுகிற உடம்பு.

சர்க்கரை இல்லாத டீயைத் தனியாகத்தானே வாங்க வேண்டும். சலீமின் சாப்பாட்டுப் போசி ஒன்று கிடைத்தது. அதை வாலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு போசியும் ஒரே அளவு, ஒரே எவர்சில்வர். மாறிப்போனால் என்ன ஆவது? போன மாசம் இப்படித்தான் ஒரு விசேஷ வீட்டில் தெரியாமல் சர்க்கரை டீயைக் குடித்துவிட்டு, சம்பூரணம் ரெண்டு நாள் தலைசுற்றிப் படுத்துக் கிடந்தார். நாச்சிமுத்துவுக்கு வழியெல்லாம் அதே நினைப்பு. வாயில் சக்கரை, வாலில் சும்மா, வாயில் சக்கரை, வாலில் சும்மா என்று சொல்லிக்கொண்டே போனார். முடக்கு திரும்பியதை அவர் கவனிக்கவே இல்லை.

மாதையன் கடையில் மறுபடி கூட்டம் கூடியது. இது என்ன மிருகமுங்க என்று ஒருவர் கேட்டார். யாளிங்க, கொஞ்சம் தள்ளுங்க என்றார் நாச்சிமுத்து. பாய்லருக்குப் பக்கத்திலேயே நின்று, மாதையன் கரண்டியைக் கழுவினானா என்று பார்த்து, சர்க்கரை இல்லாததை முதலில் வாங்கி வாலில் மாட்டிவிட்டுத்தான் மற்றதைப் போடச் சொன்னார். யாளி வாயில் ஆவி பறக்கப் பறக்கக் கூட்டம் வழிவிட்டு நின்று பார்த்தது. அவர் அதையும் பார்க்கவில்லை.

வந்து இறங்கினதும் வால் போசியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். சப்பென்று இருந்தது. அதன் பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. கிளாஸில் ஊற்றிச் சம்பூரணத்திடம் கொடுத்தார்.

"இது உனக்கு. குடிச்சுப் பாரு. இனிக்குதா?"

சம்பூரணம் ஒரு வாய் குடித்தார். இனிக்கவில்லை, சூடாக இருக்கிறது என்றார். மற்றவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு நாச்சிமுத்து தரையிலேயே உட்கார்ந்து, இன்றைக்கு மாதையன் இஞ்சியை அள்ளிப் போட்டுவிட்டான், தொண்டை எரிகிறது, அவனிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டே தன் டீயைக் குடித்தார்.

சம்பூரணம் யாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை பாக்கைப் பல்லடத்துக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்க மடியில் கட்டிக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, இதுல பின்னால ஒரு ஆள் உக்காரலாமுங்களா?"

நாச்சிமுத்து பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டக். டக். சுத்தியல் சத்தம். பித்தளை மேல் விழுகிற சத்தம் வேறுமாதிரி இருக்கும், அவருக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்த்தார். மேஸ்திரி குனிந்து உட்கார்ந்து எழுத்து எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். 'நாச்சி' வரைக்கும் வந்திருந்தது.

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரைண்டர் எதுவும் ஓடவில்லை.

"மேஸ்திரி, நான் இன்னும் முடிஞ்சுதான்னு கேக்கவேயில்லீங்களே."

மேஸ்திரி தலை நிமிரவில்லை. அடுத்த எழுத்தை எடுத்து வைத்தார்.

"இன்னைக்குத்தானுங்ணா நீங்க டீ வாங்கப் போனீங்க."